இராமேஸ்வரம் பாதை நிலையங்கள்: வாசல்ல ரேம்ப் போட்டாச்சு, அப்புறம்?

சேதுக்கரை
பரமக்குடி, இராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் நிலையங்களுக்காக மதுரை ரயில்வே கோட்டத்துக்கு ஒரு மனு தயாராகிறது. "முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தக்க வசதி செய்து தர வேண்டுகிறோம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் கிடைக்கப்போவது வாசலில் ஒரு சாய்தளமும் ஒரு நீலப் பலகையும்தான். அதனால் ஒவ்வொன்றையும் அளவு போட்டுக் கேட்பதாக முடிவு. தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

சாய்தளத்தில் தொடங்குகிறேன். சரிவு 1:12-ஐ மீறக் கூடாது. வாசலில் 15 செ.மீ. படி மூன்று இருந்தால் மொத்த உயரம் 45 செ.மீ.; சாய்தளம் 5.4 மீட்டர் ஓட வேண்டும். இடமில்லை என்று 3 மீட்டரில் முடித்தால் அது பைக் ஏற்றத்தான் உதவும். அகலம் குறைந்தது 1.2 மீ. 9 மீட்டருக்கு ஒருமுறை 1.5 மீ. சமதளம், மேலே, கீழே இரண்டு முனையிலும் அதே 1.5 மீ. கைப்பிடி இரு பக்கமும், இரண்டு உயரத்தில்: 76, 90 செ.மீ. சாய்தளம் முடிந்த பிறகும் கைப்பிடி 30 செ.மீ. நீண்டு நிற்க வேண்டும், ஏனென்றால் வயதானவர்கள் தடுமாறுவது சரிவு சமதளமாக மாறும் அந்த இடத்தில்தான்.

சரிவைச் சோதிக்க 120 செ.மீ. நேர்க்கட்டையும் ரசமட்டமும் போதும். கட்டையின் ஒரு முனையைச் சாய்தளத்தில் ஊன்றி, மறுமுனையைச் சரிவு இறங்கும் பக்கமாக மட்டமாகப் பிடியுங்கள். கீழே தெரியும் இடைவெளி 10 செ.மீ. என்றால் 1:12. 12 என்றால் 1:10. 15 என்றால் 1:8, அதை ஏற்கவே கூடாது. கடைசி அரை மீட்டரைக் கட்டாயம் தனியாகப் பாருங்கள். கொத்தனார் கணக்கு இடித்தால் அங்கேதான் மடக்கி முடிப்பார்.

தண்டவாளம்_1676
அண்ணே, எல்லாம் சரி. ஆனா வாசல் ரேம்ப் இந்தப் பிரச்சினையில கால்வாசிகூட கிடையாது. ஆட்டோவுல இருந்து பிளாட்பாரம் வரைக்கும் வந்துட்டாங்கன்னே வச்சுக்குவோம். வண்டியில ஏறணும்ல?

கணக்கு இதுதான். நம்ம உயர்மட்ட பிளாட்பாரம் தண்டவாளத்தோட மேல்மட்டத்துல இருந்து 76 முதல் 84 செ.மீ. வரை இருக்கணும்னு விதி. எல்.எச்.பி.ங்கிற புது வகைப் பெட்டியோட தளம் ஏறத்தாழ 130 செ.மீ. அதாவது பிளாட்பாரம் விதிப்படி இருந்தாலே 46 முதல் 54 செ.மீ. ஏறணும். தாழ்மட்ட பிளாட்பாரம்னா உச்சபட்சம் 45.5 செ.மீ.தான், அப்போ மிச்சம் 84 செ.மீ.க்கு மேல. அதுல வீல்சேரைப் பத்திப் பேசவே வேண்டியதில்ல, முட்டு வலி உள்ள பாட்டிகூட ஏற முடியாது.

இன்னொண்ணு யாரும் கவனிக்கிறதில்ல. கட்டும்போது 84 இருந்த பிளாட்பாரம் அப்படியே நிக்காது. ஜல்லி கொட்டி, தண்டவாளத்தைத் தூக்கித் தூக்கிச் சரி பண்றப்போ பாதை கொஞ்சங்கொஞ்சமா உயர்ந்துரும். பிளாட்பாரம் அதே இடத்துல நிக்கும். அதனால "உயர்மட்டமா இல்லையா"ன்னு கேக்காதீங்க. "இன்னைக்கு எத்தனை செ.மீ."ன்னு கேளுங்க.

அடுத்து, மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி கார்டு பெட்டியோட சேர்ந்தது, எஸ்.எல்.ஆர்.டி.ன்னு எழுதியிருக்கும், எல்.எச்.பி.ல எல்.எஸ்.எல்.ஆர்.டி. அகலக் கதவு, அகலக் கழிவறை எல்லாம் அதுலதான். ஆனா அது வண்டியோட முனையில. கூரை, பெஞ்சு, குடிதண்ணி, கழிவறை எல்லாம் நடுவுல. 20 பெட்டி வண்டின்னா ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் ஏறத்தாழ 480 மீட்டர். வண்டி 2 நிமிஷம்தான் நிக்கும்.

உச்சிப்புளியான்
பிளாட்பாரத்தின் இரண்டு கடைசியிலும் சரிவு இருக்கிறதே, அதன் வழியாக வீல்சேரை ஏற்றலாமே? தனியாக ரேம்ப் எதற்கு?

தண்டவாளம்_1676
அது தள்ளுவண்டி ஏத்துறதுக்கும் ஊழியர் இறங்குறதுக்கும் போட்ட சரிவு தம்பி. அதுக்கு 1:6 வரை அனுமதி உண்டு. 1:12-க்கு நேர் இரட்டிப்பு. 90 கிலோ ஆளும் 20 கிலோ நாற்காலியும் சேர்ந்து 110 கிலோன்னு வைங்க. 1:12-ல தள்ள 9 கிலோ அளவு விசை போதும், 1:6-ல 18 கிலோ. ஏத்துறது கூடப் பரவாயில்ல, இறக்குறப்போ கை நழுவினா நேரா ஜல்லியில போய்த்தான் நிக்கும்.

அதோட அந்தச் சரிவு கொண்டுபோய் விடுற இடம் தண்டவாளத்துக்குக் குறுக்கே போற பாதை. அதுல சக்கர விளிம்பு ஓட ஒரு பள்ளம் விட்டிருப்பாங்க, அகலம் 51 முதல் 57 மி.மீ. வீல்சேரோட முன்சக்கரம் அதைவிட மெலிசு. உள்ள விழுந்து திரும்பிக்கிச்சுன்னா தூக்கி எடுக்காம வராது.

முகாம்வாசி
அங்கே ஊழியரே துணைக்கு வந்து கடக்க வைக்கும் நிலை வந்தால்: நாற்காலியைத் திருப்பி, பெரிய பின்சக்கரம் முன்னே போகும்படி பின்னோக்கி இழுக்க வேண்டும். தண்டவாளத்துக்குச் செங்குத்தாக மட்டும். கோணலாகப் போனால் அவர் சொன்னதுதான் நடக்கும்.

பெட்டியில் ஏற்றுவதைப் பற்றி. கழற்றி மாட்டும் ரேம்ப் கேட்பதாக இருந்தால் நீளத்தையும் சேர்த்துக் கேளுங்கள். 46 செ.மீ. உயரத்துக்கு 1:12 என்றால் ஐந்தரை மீட்டர். எந்தப் பிளாட்பாரத்திலும் குறுக்கே அது நிற்காது. 1.8 மீ. பலகை என்றால் ஏறக்குறைய 1:4, ஒருவர் தள்ளவே முடியாது. 2.4 மீ. என்றால் 1:5-ஐ ஒட்டி வரும். இரண்டு பேர் சேர்ந்தால் முடியும். அதற்கும் பிளாட்பாரத்தில் குறுக்கே பலகைக்கு 2.4, நாற்காலி திரும்ப 1.5, ஆக 4 மீட்டர் காலியாக வேண்டும். அந்த இடத்தில் தூண், பெஞ்சு, கடை எதுவும் கூடாது. பலகையின் மேல்முனையில் பெட்டித் தளத்தைக் கவ்வும் கொக்கி, இரு ஓரமும் 5 செ.மீ. தடுப்பு, மேலே சொரசொரப்பான தளம். கொக்கி இல்லாத பலகை பாதி ஏற்றத்தில் பின்வாங்கும்.

ஏற்றும் முறை: ஏறும்போது முகம் பெட்டியைப் பார்த்து, இறங்கும்போது முதுகு பிளாட்பாரத்தைப் பார்த்து. ஒருவர் பின்கைப்பிடி, மற்றவர் முன்னால் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். கால்பலகையையோ கைத்தாங்கியையோ பிடித்துத் தூக்கவே கூடாது. இரண்டும் கழன்று வரும் பாகங்கள். உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்புப் பட்டை.

வீல்சேரிலிருந்து எழுந்து நிற்க முடிகிறவர்களுக்கும், வீல்சேரே வேண்டாத முதியவர்களுக்கும் இதைவிட எளிய சாமான் ஒன்று இருக்கிறது: படிப்பெட்டி. 20 செ.மீ. உயரம், 60 × 40 செ.மீ. மேற்பரப்பு, நாலு காலிலும் ரப்பர், ஒரு பக்கம் 90 செ.மீ. உயரத்தில் பிடி. ஒரு பட்டறையில் அரை நாளில் செய்துவிடலாம். பிளாட்பாரத்துக்கு இரண்டு வைத்தால் பயன்பெறுபவர்கள் வீல்சேர்க்காரர்களைப் போலப் பல மடங்கு இருப்பார்கள். மனுவில் இதை முதலில் போடுங்கள் என்பேன்.

சேதுக்கரை
படிப்பெட்டி எழுதியாச்சு. நிலையத்தில் இருக்கும் வீல்சேர் விஷயம்?

முகாம்வாசி
நிலைய அதிகாரியிடம் கேட்டால் வீல்சேர் இலவசம், தள்ளிவரப் போர்ட்டர் வந்தால் அவருக்குக் கூலி. எண்ணிக்கையைவிட நிலைமை முக்கியம். பார்க்க வேண்டியவை நான்கு. கைத்தாங்கி பின்னால் மடங்க வேண்டும். மடங்காவிட்டால் பக்கவாட்டில் நகர்ந்து பெர்த்தில் உட்கார முடியாது. இரண்டு கால்பலகையும் இருக்க வேண்டும். ஒன்று காணாமல் போன நாற்காலியில் கால் தரையில் உரசி முன்னால் குப்புற விழ வைக்கும். பிரேக் இரு சக்கரத்திலும் பிடிக்க வேண்டும். நான்காவது, முன்சக்கரப் பேரிங். இந்தக் காற்றில் அதுதான் முதலில் இறுகும். மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்து கிரீஸ் வைக்காவிட்டால் நாற்காலி ஒரு பக்கமாகவே இழுக்கும்.

வண்டி வரும்வரை நாற்காலியைத் தண்டவாளத்துக்கு இணையாக நிறுத்துங்கள், தண்டவாளத்தைப் பார்த்து வேண்டாம். பிளாட்பாரத் தளத்தில் தண்ணீர் வடிய ஒரு சரிவு இருக்கும். இருபுறமும் வண்டி நிற்கும் தீவுப் பிளாட்பாரத்தில் அந்தச் சரிவு தண்டவாளப் பக்கமே இருக்கலாம். கூடவே தென்மேற்குப் பருவத்துக் கச்சான் காற்று முதுகில் அடித்தால் பிரேக் போடாத நாற்காலி தானே நகரும்.

கச்சான்காற்று
என் பெயரை இழுத்ததால் வந்தேன் :)

மேலே எல்லாரும் "கைப்பிடி" என்று எளிதாக எழுதிவிட்டீர்கள். இந்தக் கரையில் எந்த இரும்பு என்று எழுதாவிட்டால் இரண்டு கச்சானுக்குள் அது கையைக் கிழிக்கும் துருக்கம்பி. பாக் விரிகுடா ஒரு பக்கம், மன்னார் வளைகுடா மறுபக்கம்; மண்டபத்துக்குக் கிழக்கே எந்தக் காற்று அடித்தாலும் உப்புக் காற்றுதான். வாடையும் விடாது, கச்சானும் விடாது.

கடையில் "எஸ்.எஸ். பைப்" (துருப்பிடிக்காத எஃகுக் குழாய்) என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் 202 ரகம். நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம், விலை மலிவு. இங்கே அது சீக்கிரமே புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். 304 மதுரையில் நன்றாக நிற்கும்; கடலோரத்தில் தேநீர்க் கறை மாதிரி பழுப்படிக்கும், பிறகு குழி விழும். எழுத வேண்டியது 316. அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கும். உப்பைத் தாங்குவது அதுதான். வெளிவிட்டம் 38 முதல் 45 மி.மீ., சுவர் கனம் 2 மி.மீ., சுவரிலிருந்து 50 மி.மீ. இடைவெளி.

காந்தம் வைத்துப் பார்த்து "ஒட்டலை, நல்ல எஸ்.எஸ்." என்று நம்புகிறவர்களுக்கு: 202-ம் ஒட்டாது, 304-ம் ஒட்டாது, 316-ம் ஒட்டாது. மாலிப்டினம் சோதிக்கச் சொட்டு மருந்து விற்கிறார்கள். சிறு பேட்டரியோடு வரும். சொட்டு விட்ட இடத்தில் நிறம் மாறினால் 316, மாறாவிட்டால் இல்லை. பைப் இறங்கும் நாளிலேயே சோதிக்க வேண்டும். வெல்டு வைத்த பிறகு சோதித்து என்ன பயன்.

316 வாங்கியும் கெடுக்கும் வழிகள் உண்டு. வெல்டு வைத்த இடம் நீலமும் பழுப்புமாக வெந்திருக்கும். அதைப் பிக்லிங் பேஸ்ட் தடவிக் கழுவி எடுக்காவிட்டால் துரு அங்கிருந்தே புறப்படும். சாதாரண இரும்பு அறுத்த சாணைச் சக்கரத்தையே இதற்கும் போட்டால் இரும்புத் துகள் பதிந்து மறுவாரமே துரு தெரியும். அடியில் போடும் அலங்கார மூடிக்குள் உப்புத் தண்ணீர் தேங்கும். மூடியே வேண்டாம், தளத்தட்டைத் திறந்தபடி விடுங்கள். போல்ட்டும் 316 ஆகவே இருக்க வேண்டும்.

மிக முக்கியமானது பெருக்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது: தரை ஓடு தேய்க்கும் ஆசிட் கைப்பிடியில் படக் கூடாது. பட்டால் 316 என்றாலும் போச்சு.

உச்சிப்புளியான்
கூரைக்கு அடியில் இருக்கும் கைப்பிடி மழை படாமல் நன்றாகத்தானே இருக்கும்?

கச்சான்காற்று
நேர்மாறு. வெட்டவெளியில் இருப்பதை ஐப்பசி மழை கழுவிவிடும். கூரைக்குள் இருப்பதில் உப்பு படிந்துகொண்டே இருக்கும், கழுவ யாரும் இல்லை. கூரைக்கு அடியிலுள்ளதைத்தான் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும். நல்ல தண்ணீர் என்பதை அடிக்கோடிடுங்கள். போர் தண்ணீரே உப்பாக இருக்கிற ஊரில் அதை வைத்துக் கழுவினால் கழுவாமல் விடுவதே மேல்.

கான்கிரீட்டுக்கும் இதே. கடலோரத்தில் எம்-35 தரம், கம்பிக்கு மேல் 50 மி.மீ. மூடு. 20 மி.மீ. மூடோடு ரேம்ப் போட்டால் கம்பி உள்ளே ஊதி ஓரம் பிளக்கும். பிளந்த ஓரத்தில்தான் முதலில் சக்கரம் மாட்டும்.

பட்டறை_பரமக்குடி
316 விலைக்கு ஒப்பந்தக்காரர் ஒத்துக்கமாட்டார், 304-ஐக் கொண்டுவந்து இறக்குவார், நாம சொட்டு மருந்தோட நிப்போம். அதுக்குப் பதிலா இழைநார்ப் பிளாஸ்டிக் குழாய் கேட்டா என்ன? துரு கிடையாது. சித்திரை வெயில்ல எஸ்.எஸ்.ஸைத் தொட முடியாது, இது அவ்வளவு சுடாது.

கச்சான்காற்று
தப்பில்லை. ஆனால் புற ஊதாக் கதிரைத் தாங்கும் மேற்பூச்சு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சில வருட வெயிலில் மேல்தோல் கரைந்து நார் வெளியே வரும். உள்ளங்கையில் ஏறினால் முள்ளைவிட மோசம். திறந்தவெளிச் சாய்தளத்துக்கு இழைநார், கழிவறைக்குள்ளும் லிஃப்டுக்குள்ளும் 316. இப்படிப் பிரித்துக் கேட்கலாம். எஸ்.எஸ். மேல் பிளாஸ்டிக் உறை போடுவதை மட்டும் ஏற்காதீர்கள். உறைக்குள் உப்பு தங்கி உள்ளேயே அரிக்கும், வெளியே தெரியவும் தெரியாது.

(பனங்கட்டையில் போடலாமே என்று இதற்கு முன் ஒருவர் கேட்டிருந்தார். வைரம் பாய்ந்த பனை நூறு வருடம் நிற்கும், சிராயும் நூறு வருடம் குத்தும்.)

வெள்ளைக்கோல்
இதுவரை சக்கரத்தைப் பற்றியே பேச்சு. பார்வையற்றவர்களுக்கான தொடு ஓடுகளைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் அதிகமாகத் தவறு நடப்பது அதில்தான்.

ஓடு 30 × 30 செ.மீ. இரண்டே வகை. கோடு போட்டது "இந்தப் பக்கம் போ". குமிழ் போட்டது "நில், கவனி". குமிழின் உயரம் 5 மி.மீ. வாசலிலிருந்து டிக்கெட் கவுன்டர், அங்கிருந்து பிளாட்பாரம், அங்கிருந்து படி அல்லது லிஃப்ட், கழிவறை, மாற்றுத்திறனாளிப் பெட்டி நிற்கும் இடம். இந்தத் தொடர் எங்கும் அறுபடக் கூடாது. திருப்பத்தில் குமிழ், படிக்கு முன்னும் பின்னும் குமிழ்.

நடக்கும் தவறுகள். மஞ்சள் நிறம் அழகாக இருக்கிறது என்று குமிழ் ஓட்டையே வழி நெடுகப் போடுவது. அப்படிப் போட்டால் "நில் நில் நில்" என்று அர்த்தம். கோடு நேராகப் போய்த் தூணில் முட்டுவது. ஓடு போட்ட பிறகு அதன் மேல் பெஞ்சு, குப்பைத்தொட்டி, பார்சல் மூட்டை வைப்பது. ஓட்டின் இரு பக்கமும் 60 செ.மீ. காலியாக இருக்க வேண்டும் என்று மனுவில் போடுங்கள்.

பிளாட்பார விளிம்பில் ஒற்றை வரிசை போதாது. வேகமாக நடக்கிறவரின் காலடி 30 செ.மீ.யைத் தாண்டிவிடும், கால் படாமலே விளிம்புக்குப் போய்விடுவார். இரண்டு வரிசை, 60 செ.மீ. அதுவும் விளிம்புக் கல்லின் மேல் அல்ல. குமிழ் காலில் பட்ட பிறகு நின்று, பின்வாங்க இடம் வேண்டும்.

பொருள் விஷயத்தில் இந்தக் கரைக்கென்று மூன்று. ஒட்டுப் பசையில் ஒட்டும் பிளாஸ்டிக் பட்டை ஈரத்திலும் மணலிலும் ஓரம் கிளம்பும். கிளம்பிய ஓரம் எல்லாருக்கும் தடுக்கும். எஸ்.எஸ். குமிழ்கள் வேண்டவே வேண்டாம். இராமேஸ்வரத்துக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேர் வெறுங்காலில் நடக்கிறார்கள், தீர்த்தமாடி ஈரத் துணியோடு வண்டிக்கு வருகிறார்கள். வெயிலில் எஸ்.எஸ். சுடும், ஈரத்தில் வழுக்கும். மெருகேற்றிய பீங்கான் ஓடும் அப்படியே. அழுத்தி வார்த்த சிமெண்டு ஓடு, நிறம் ஓட்டின் முழுக் கனத்துக்கும் கலந்தது. அதுதான் இங்கே நிற்கும். மூன்றாவது, மணல். காற்று கொண்டுவரும் மணல் கோடுகளுக்கிடையே நிரம்பினால் ஓடு சாதாரணத் தரைதான். கச்சான் மாதங்களில் தினமும் பெருக்க வேண்டும், மேலாகத் துடைப்பது போதாது.

நிறமும் முக்கியம். முழுதாகப் பார்வையிழந்தவர்களைவிட மங்கலாகப் பார்க்கும் முதியவர்கள் அதிகம். வெள்ளைத் தரையில் வெளிர் மஞ்சள் அவர்களுக்குத் தெரியாது. சாம்பல் தரையில் அடர் மஞ்சள் தெரியும். படி விளிம்புக்கும் 5 செ.மீ. பட்டை.

பட்டறை_பரமக்குடி
பெட்டி நிற்கும் இடம் வரைக்கும் ஓடுன்னீங்க. வண்டிக்கு வண்டி இடம் மாறுமே?

தண்டவாளம்_1676
நினைக்கிற அளவுக்கு மாறாது. வண்டி இராமேஸ்வரம் போய்த் திரும்புறப்போ என்ஜின்தான் முனை மாறும், பெட்டி வரிசை திரும்புறதில்ல. வரும்போது கிழக்கு முனையில இருந்த எஸ்.எல்.ஆர்.டி. போகும்போதும் கிழக்கு முனைதான். என்ஜின் நீளத்துக்கு ஏத்தாப்ல 20, 30 மீட்டர் முன்னபின்ன நிக்கும், அவ்வளவுதான். சில வண்டிக்குக் கிழக்கு, சிலதுக்கு மேற்கு. அதனால ஒவ்வொரு பிளாட்பாரத்துலயும் இரண்டே இடம். அந்த ரெண்டு இடத்துலயும் 30 மீட்டருக்குக் கூரை, ரெண்டு பெஞ்சு, தரையில நீலக் குறி. வேற எதையும் இடம் மாத்த வேண்டாம். அறிவிப்புல "மாற்றுத்திறனாளி பெட்டி இராமேஸ்வரம் பக்கம்" அல்லது "மானாமதுரை பக்கம்"னு ஒரு வரி. முன்னால, பின்னாலன்னு சொன்னா எது முன்னன்னு யாருக்குத் தெரியும்?

உச்சிப்புளியான்
நடைமேம்பாலத்துக்கு லிஃப்ட் கேட்பதா, ரேம்ப் கேட்பதா?

தண்டவாளம்_1676
கணக்குப் போட்டுப் பாருங்க. மேல 25,000 வோல்ட் கம்பி போற பாதைன்னா பாலத்தோட நடைதளம் பிளாட்பாரத்துல இருந்து சுமார் 6 மீட்டர் உயரத்துல இருக்கும். 1:12-ல 72 மீட்டர் சரிவு. 9 மீட்டருக்கு ஒரு சமதளம்னா நடுவுல 7 சமதளம், பத்தரை மீட்டர். ஆக ஒரு பக்கத்துக்கு 82 மீட்டருக்கு மேல. இறங்க அதே அளவு. நல்ல கால் உள்ளவனுக்கே மூச்சு வாங்கும். சுயமா வீல்சேர் ஓட்டுறவர் மேல போறதுக்குள்ள வண்டி போயிரும்.

அதனால லிஃப்ட். உள்ளளவு 1.1 × 1.4 மீட்டருக்குக் குறையாம, கதவு 90 செ.மீ., பொத்தான் 90 முதல் 120 செ.மீ. உயரத்துக்குள்ள, பிரெய்ல், தமிழ்ல குரல். மின்சாரம் போனா அடுத்த தளத்துல போய்க் கதவைத் திறந்துவிடுற மீட்புக் கருவி கட்டாயம். ஆனா இங்க லிஃப்ட் நிக்கிறதுக்கு முக்கியக் காரணம் மின்சாரம் இல்ல, மணல். கதவு ஓடுற பள்ளத்துல மணல் சேர்ந்தா கதவு முழுசா மூடாது, மூடாட்டி நகராது. தினமும் அந்தப் பள்ளத்தைத் தூரிகையால சுத்தம் பண்ணணும். ஒரு நிமிஷ வேலை. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் காற்று புகாத கதவு, உள்ள ஈரம் தங்காம இருக்கச் சின்ன சூடேற்றி. ஒப்பந்தத்துல இதையெல்லாம் எழுதலைன்னா "பழுது" பலகைதான் நிரந்தரம்.

லிஃப்டைவிட மலிவான ஒரு வழியும் இருக்கு. எந்தெந்த வண்டியில முதியவர் கூட்டம் அதிகமோ அதை நிலையக் கட்டடத்தை ஒட்டின முதல் பிளாட்பாரத்துலயே வாங்கச் சொல்லிக் கேக்கலாம். எல்லா வண்டிக்கும் நடக்காது. எதிர்வண்டிக்கு வழிவிடுற கிராசிங் இருந்தா ஒரு வண்டி இன்னொரு பாதையிலதான் நிக்கணும். கேட்டுவச்சா நட்டமில்ல.

முகாம்வாசி
கழிவறை. 2.2 × 2 மீட்டருக்குக் குறையாமல், கதவு 90 செ.மீ., வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவில் சாய்ந்து கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. இருக்கை உயரம் 45 முதல் 48 செ.மீ. சுவர்ப் பக்கம் நிலையான பிடி, மறுபக்கம் மடக்கும் பிடி. அந்த மறுபக்கத்தில் 90 செ.மீ. காலியிடம், அங்கேதான் வாளி, துடைப்பம், பினாயில் டப்பா எல்லாம் வந்து குடியேறும். குழாய் திருகும் வகையாக இல்லாமல் தட்டும் வகையாக இருக்க வேண்டும், உப்புத் தண்ணீரில் திருகு குழாய் இறுகிவிடும். அவசரச் சங்கிலி தரையிலிருந்து 30 செ.மீ.க்கு வர வேண்டும், விழுந்தவர் கைக்கு எட்ட.

பூட்டு பற்றி ஒரு வரி: பூட்டக் கூடாது. பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சாவி எங்கே, யாரிடம், எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று கதவிலேயே எழுத வேண்டும்.

இது பெரிய நிலையங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பாம்பன் கடற்பாலத்தில் காற்று வரம்பைத் தாண்டினால் வண்டிக்குச் சிக்னல் கிடைக்காது. இராமேஸ்வரம் போகும் வண்டி மண்டபத்திலும், வரும் வண்டி பாம்பனிலும் நிற்கும், எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை மண்டபமும் இராமநாதபுரமும்தான் கடைசி நிலையங்களாக இருந்தன. ஆகவே இந்தச் சின்ன நிலையங்களில் நிழலும் கழிவறையும் இராமேஸ்வரத்துக்குச் சமமாகக் கேட்க வேண்டும்.

சேதுக்கரை
அருமை. ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசைக் கூட்டத்துக்குத் தனிப் பத்தி வைக்கிறேன்: தடுப்புக் கம்பிகளுக்கிடையே 90 செ.மீ. வழி, தடுப்பைத் தொடு ஓட்டின் மேல் நிறுத்தக் கூடாது, முதியோருக்குத் தனி வரிசை, காத்திருக்கும் இடத்தில் முதுகு சாயும் பெஞ்சு 45 செ.மீ. உயரத்தில், கைத்தாங்கியோடு. கைத்தாங்கி இல்லாத பெஞ்சில் உட்கார்ந்தவர் ஊன்றி எழ முடியாது.

டிக்கெட் விஷயம் சுருக்கமாக. முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. கீழ்ப் பெர்த் ஒதுக்கீடு தொடர்கிறது. மாற்றுத்திறனாளிச் சலுகை குறிப்பிட்ட வகையினருக்கு உண்டு. ஸ்லீப்பர் வகுப்பில், துணையில்லாமல் பயணிக்க முடியாத கை, கால் இயக்கக் குறைபாடு உள்ளவருக்கும் முழுப் பார்வையற்றவருக்கும் துணைக்கு வருபவருக்கும் 75 சதவீதம். ரயில்வே அடையாள அட்டையை முன்கூட்டியே இணையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் சான்றிதழ் நீட்ட வேண்டாம். கவுன்டரில் ஒரு சன்னலாவது 75 முதல் 80 செ.மீ. உயரத்தில், கீழே முழங்கால் நுழைய இடத்தோடு.

சட்டப் பகுதி யாராவது?

வெள்ளைக்கோல்
மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, நடைமுறை 2017 ஏப்ரல் 19. 41-ஆம் பிரிவு போக்குவரத்து. 45-ஆம் பிரிவு, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை விதி வந்ததிலிருந்து 5 ஆண்டுக்குள் மாற்ற வேண்டும். 89-ஆம் பிரிவு அபராதம்: முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை, தொடர்ந்தால் 50,000 முதல் 5 லட்சம். 2024 நவம்பர் 8-ல் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் அளவுகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாய விதியாக வேண்டும் என்று சொன்னது. இதை மனுவின் முதல் பக்கத்தில் போடுங்கள்.

ரயில்வே மத்திய அரசு. அதனால் கோட்ட மேலாளருக்குப் பிறகு முறையிட வேண்டிய இடம் டெல்லியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர். மாநில ஆணையர் அல்ல. நகல் மட்டும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. அன்றாடப் பழுதுக்கு 139 என்ற ரயில்வே உதவி எண் போதும். புகார் எண்ணைக் குறித்துவைத்துப் பிறகு மனுவோடு சேர்க்கலாம்.

பட்டறை_பரமக்குடி
அப்போ ஞாயித்துக்கிழமை அளவெடுத்துருவோமா? டேப், ரசமட்டம், சாக்குக்கட்டி என்கிட்ட இருக்கு.

தண்டவாளம்_1676
நிலைய மேலாளர்கிட்ட எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிட்டு, அவங்க ஆள் ஒருத்தர் கூட வந்தா மட்டும் விளிம்புக்குப் போங்க. பிளாட்பார உயரம் மூணு இடத்துல: ரெண்டு முனை, நடு. இரும்பு டேப்பைத் தண்டவாளப் பக்கமே கொண்டுபோகாதீங்க. ரெண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே அது விழுந்தா சுற்று இணைஞ்சு, வண்டி நிக்குதுன்னு நினைச்சு சிக்னல் சிவப்பாயிரும். துணி டேப்பும் கம்பி இழை இல்லாததா பாருங்க, தையல்காரர் டேப்பே போதும்.

பட்டறை_பரமக்குடி
சரிண்ணே, தையல் டேப்.